புது வேட்டியும் இரும்புத் தகடும்

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆனி மாதம். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், எங்கள் பக்கத்து வாய்க்காலுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. திருத்துறைப்பூண்டியிலிருந்து மன்னார்குடி போகும் சாலையோரத்தில் என் சித்தப்பா மகன் ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன். இது அங்கே நடந்தது.

குறுவைக்குத் தண்ணீர் வரப்போகிறது என்றால் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. சேற்றுழவுக்கு டிராக்டரில் மாட்டும் இரும்புச் சக்கரத்தில் விரிசல், ட்ரெய்லரின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை, ஏர்க்கொழு உடைசல் என்று வாசல் முழுக்க நிற்கும். எல்லாருக்கும் நாளைக்கே வேண்டும். வருஷம் முழுக்கத் தூங்கிவிட்டு இப்போது வந்து என் தலையில் உட்காருகிறார்களே என்று எனக்கு எரிச்சலாக வரும். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரமே வரும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் அதற்கு முன்னால் வளைகுடாவில் இரும்புச் சட்டங்கள் செய்யும் பெரிய ஃபேப்ரிகேஷன் யார்டு ஒன்றில் பல வருஷம் இருந்தவன். அங்கே தினமும் காலையில் எங்களை வெயிலில் நிறுத்திவைத்து ஒரே பாடத்தை நடத்துவார்கள். தூக்கிய பாரத்துக்கு அடியில் கையைக் கொடுக்காதே, இடுக்கில் விரலை விடாதே, கட்டையை நகர்த்த வேண்டுமென்றால் கம்பியால் நகர்த்து. இந்தியிலும் மலையாளத்திலும் தமிழிலும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அத்தனை வருஷத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் ஊருக்குத் திரும்பினேன். பட்டதெல்லாம் சொந்த ஊருக்கு வந்த பிறகுதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பட்டறையில் யாராவது கனமாக எதையாவது தூக்கினால் அங்கே நிற்கிறவர்கள் வேடிக்கை பார்க்கமாட்டார்கள். டீ குடிக்க வந்தவராக இருந்தாலும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு பக்கம் பிடிப்பார். பிடிக்காமல் நின்றால், “என்னங்க, கையில வாதமா?” என்று யாராவது கேட்டுவிடுவார்கள். பாரம் தூக்கும் செயின் பிளாக் ஒன்று எங்களிடம் இருந்தது. ஆனால் அதை மாட்டி, சங்கிலியை இழுத்து, மெதுவாக இறக்குவதற்குள் நாலு பேர் சேர்ந்து தூக்கி வைத்துவிடலாம் என்பதுதான் எங்கள் கணக்கு.

அன்றைக்குப் பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. அவருடைய ட்ரெய்லருக்குத்தான் புது அடித்தகடு போட வேண்டியிருந்தது. அவருடைய அக்கா மகளுக்கு அன்று மன்னார்குடியில் நிச்சயதார்த்தம். போகிற வழியில், வேலையை ஆரம்பித்துவிட்டோமா என்று ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போக பைக்கை நிறுத்தினார். புது வேட்டி, புதுச் சட்டை, தோளில் புதுத் துண்டு, நெற்றியில் விபூதி.

தரையில் கிடந்த இரும்புத் தகட்டைத் தூக்கி நாலு மரக்கட்டைகள் மேல் வைக்க வேண்டும். அப்போதுதான் அளவெடுத்து வெட்ட முடியும். நானும் தம்பியும், அதாவது என் சித்தப்பா மகனும், இருந்தோம், பக்கத்து டீக்கடைக்காரர் வந்துவிட்டார். ஒரு ஆள் குறைந்தது.

“நான் ஒரு கை குடுக்கிறேன்” என்று அந்த விவசாயி துண்டை பைக் மேல் போட்டுவிட்டு வந்தார்.

“வேணாண்ணே, நல்ல வேட்டி, அழுக்காயிடும்” என்றேன்.

“என் வண்டிக்கு நான் புடிக்காம யாரு புடிக்கிறது தம்பி?”

அவர் சொன்னதும் நியாயம்தானே. ஆளுக்கு ஒரு மூலை பிடித்தோம். அவர் எனக்குப் பக்கத்து மூலை. தகட்டை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, கட்டைக்கு மேலே கொண்டுவந்தபோது பார்த்தால் என் மூலையில் இருந்த கட்டை சாய்ந்து கிடந்தது. அதை நிமிர்த்தினால்தான் தகடு சமமாக உட்காரும். தகட்டை மறுபடி கீழே வைத்துவிட்டுக் கட்டையைச் சரி செய்திருக்கலாம். காலால் தள்ளியிருக்கலாம். கம்பி ஒன்று எட்டும் தூரத்திலேயே கிடந்தது. நான் தகட்டைத் தொடையில் முட்டுக்கொடுத்து இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையை அடியில் விட்டேன். அத்தனை வருஷம் கேட்ட பாடம் அந்த நேரத்தில் எங்கே போனதோ தெரியவில்லை.

அதே நேரத்தில் அவருடைய வேட்டி அவிழ்ந்தது.

வழக்கமாக அவர் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டுதான் வருவார், அதைப் பிடித்து இழுத்தாலும் வராது. அன்றைக்குக் கட்டியிருந்ததோ கஞ்சி மொடமொடப்புப் போகாத புது வேட்டி. குனிந்து நிமிர்ந்ததில் நழுவிவிட்டது. அவருடைய ஒரு கை தானாக இடுப்புக்குப் போய்விட்டது. மானத்தைக் காக்கப் போகிற கை மூளையைக் கேட்டுக்கொண்டா போகும்? தகடு அந்தப் பக்கம் சரிந்தது. என் தொடையிலிருந்து நழுவி, கட்டையைப் புரட்டிக்கொண்டு என் கை மேலேயே உட்கார்ந்தது.

முதலில் சத்தம்தான் கேட்டது. வலி கொஞ்சம் பின்னால்தான் வந்தது. மூன்று பேரும் அலறியடித்துக்கொண்டு தகட்டைத் தூக்கினார்கள். “பாக்காதண்ணே” என்று தம்பி என் முகத்தைத் திருப்பினான். நான் பார்த்துவிட்டேன். நடுவிரலும் மோதிர விரலும் நசுங்கியிருந்தன. சுண்டு விரலின் நுனி இல்லை.

டீக்கடைக்காரர் கடைக்குள் ஓடிப் போய் ஒரு கை காப்பித்தூளோடு வந்தார். ரத்தம் நிற்க எங்கள் பக்கத்தில் முதலில் தேடுவது அதைத்தான். “அது வேணாங்க, எதையும் கொட்டாதீங்க” என்று தம்பி தடுத்துவிட்டான். அந்த விவசாயி பைக்கில் கிடந்த புதுத் துண்டை எடுத்து வந்து என் கையைச் சுற்றிக் கட்டினார். துண்டின் முனை மூன்று தடவை நழுவியது.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்து, கட்டுப்போட்டு, ஊசி போட்டார்கள். இங்கே வைத்துப் பார்க்க முடியாது, தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார் டாக்டர். போகிற வழி முழுக்கக் கையை நெஞ்சுக்கு மேலேயே தூக்கி வைத்திருக்க வேண்டும், தொங்கவிடக் கூடாது என்றும் சொன்னார். வாடகைக் கார் பிடித்தோம். தம்பி முன்னால் உட்கார்ந்து போனிலேயே எல்லாருக்கும் தகவல் சொல்லிக்கொண்டு வந்தான். பின்சீட்டில் என்னோடு அவர் ஏறிக்கொண்டார். ஏறச் சொல்லி அவரை யாரும் கூப்பிடவில்லை.

தூக்கி வைக்கச் சொல்வது சுலபம். கொஞ்ச தூரத்திலேயே தோள் கடுத்து என் கை இறங்கத் தொடங்கியது. அவர் என் முழங்கையைத் தன் தோளில் சாய்த்து, மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மன்னார்குடி தாண்டி, வடுவூர் தாண்டி, தஞ்சாவூர் வரைக்கும் அப்படியே பிடித்திருந்தார். அவருடைய சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. “எடுங்கண்ணே” என்றேன். “அடிச்சா அடிக்கட்டும்” என்றார். நிச்சயதார்த்த வீட்டிலிருந்து வந்த போன் அது. பெண்ணுக்குத் தாய்மாமன் இல்லாமல் அங்கே தட்டு மாற்றாமல் காத்திருந்திருக்கிறார்கள். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் பேச்சுக் கொடுத்தார். “அங்க பாருங்க தம்பி, நாத்தங்கால் உழுதிருக்கான். தண்ணி வந்துரும்னு நம்பிக்கை.” கொஞ்ச நேரம் கழித்து, “இந்தத் திடலப் பாருங்க, போன தடவ உளுந்து போட்டிருந்தான், நல்லா வந்துச்சு.” திடீரென்று என் கைக்கட்டைப் பார்ப்பார். அப்புறம் மெதுவாகச் சொல்வார்: “நான் விட்டுட்டேன் தம்பி.” திரும்பவும் வயலைக் காட்டுவார். திரும்பவும் அதே வார்த்தை. எனக்கு இருந்த வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருந்தால் நல்ல வார்த்தை வந்திருக்காது.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அந்த வேட்டி மறுபடி அவிழ்ந்து காலடியில் விழுந்தது. பட்டாப்பட்டி டிராயரோடு அத்தனை கூட்டத்துக்கு நடுவே நின்றார். என் கையை மட்டும் விடவில்லை. யாரோ ஒரு அம்மா, நோயாளியைப் பார்க்க வந்தவர் போலிருக்கிறது, கையிலிருந்த சாப்பாட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டு வேட்டியை எடுத்து அவர் இடுப்பில் சுற்றிக் கட்டிவிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆபரேஷன் நடந்தது. இரண்டு விரல்களுக்குள் கம்பி வைத்தார்கள். சுண்டு விரல் நுனி போனது போனதுதான். கண் விழித்தபோது பக்கத்தில் என் மனைவி இருந்தாள். தம்பி நடந்ததையெல்லாம் அவளிடம் சொல்லியிருக்கிறான். வராந்தாவில் ரத்தக் கறைச் சட்டையோடு அவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கேட்கும்படியாகவே அவள் சொன்னாள்:

“ஒரு வேட்டிக்கு எம் புருஷன் கையா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளைக் குறை சொல்ல மாட்டேன். வெல்டிங் ஹோல்டர் பிடிக்கிற கை அது. அது மடங்காவிட்டால் எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று அவள் யோசித்துப் பார்த்திருப்பாள். நானும் படுத்தபடி அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி, “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு” என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போனது என் விரல், தலைப்பாகை இல்லை என்று ஒருவரிடம் சொல்லியே விட்டேன். அவர் அதற்குப் பிறகு வரவில்லை.

கம்பியை எடுத்த பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. விரல்கள் விறைத்துப் போய் நின்றன. எவ்வளவு முக்கினாலும் பாதி தூரம்கூட மடங்காது. தஞ்சாவூரில் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் ஒரு ஸ்பாஞ்சு பந்தைக் கொடுத்து, தினமும் அமுக்கச் சொன்னார். ஒரு பாத்திரத்தில் அரிசியைக் கொட்டி அதற்குள் கையை விட்டுப் பிசையவும் சொன்னார். இப்போது விட்டுவிட்டால் விரல் இப்படியே நின்றுவிடும் என்றும் எச்சரித்தார். அன்று என்னோடு துணைக்கு வந்திருந்தவர் அந்த விவசாயிதான். என் மனைவி அவருடன் பேசுவதில்லை. தம்பிதான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.

நான் சில நாள் செய்தேன். உயிர் போகிற வலி. ஒரு நாள் பந்தைத் தூக்கிக் கொல்லைப் பக்கம் எறிந்துவிட்டேன். இடது கையில் ஸ்பூனை வைத்துக்கொண்டு சாப்பிடுவேன், பாதி கீழே சிந்தும். அதைப் பார்த்து மனைவி ஊட்டிவிட வந்தால் கத்துவேன். பட்டறைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். மடங்காத விரலோடு அங்கே போய் என்ன செய்ய?

அதற்கிடையில் ஊரில் அவருக்கு ‘வேட்டி’ என்று பேர் வைத்துவிட்டார்கள். அவர் டீக்கடைக்குப் போனால் யாராவது, “அண்ணே, முடிச்ச நல்லா போட்டிருக்கீங்களா?” என்பார்களாம். வேடிக்கையாகத்தான் கேட்பார்கள், நம் ஆட்களுக்கு அதில் ஒரு சந்தோஷம். ஆனால் அடுத்த தடவை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது பேன்ட் போட்டிருந்தார். அவருடைய மகனுடையது போலிருக்கிறது, காலில் சுருட்டி விட்டிருந்தார். அந்த வயதில் அவர் போட்ட முதல் பேன்ட் அதுவாகத்தான் இருக்கும். அதோடு தரையில் உட்காரவும் வராமல், நாற்காலியில் உட்காரவும் கூச்சப்பட்டு நின்றார். அவ்வளவு நாளாக என் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அன்றைக்குத்தான் அந்த மனிதரை ஏறிட்டுப் பார்த்தேன். அடிபட்டது ஒருவருக்கு மட்டும் இல்லை என்று அப்போது உறைத்தது.

“அண்ணே, தப்பு எம் பேர்லதான். அடியில கைய விட்டது நான். உங்க வேட்டி அவுந்தாலும் அவுழாட்டாலும் அங்க கைய விடக்கூடாது” என்றேன்.

“நீங்க பெரிய மனசு, சொல்றீங்க” என்றார். அவர் நம்பவில்லை.

மறுநாள் காலையில் பைக்கின் பின்னால் ஒரு சிறு மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் வயலில் விளைந்து, அவித்து அரைத்த புழுங்கல் அரிசி. நான் பயிற்சியை விட்டுவிட்ட விஷயம் தம்பி மூலம் அவருக்குப் போயிருக்கிறது. கூடத்தில் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, “ஒரு அண்டா குடும்மா” என்று என் மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

அவள் வெடுக்கென்று சொன்னாள். “சோத்துக்கு உள்ள அரிசிய கையப் போட்டு அளையுறதா? எங்க வீட்டுல அந்தப் பழக்கம் இல்ல.”

“சோறு அள்ளித் திங்கிற கைதானேம்மா. அரிசி கோவிச்சுக்காது.”

அவள் உள்ளே போய் எவர்சில்வர் அண்டாவைக் கொண்டுவந்து வைத்தாள்.

அதற்குப் பிறகு தினமும் வயலுக்குப் போகும் வழியில் வந்துவிடுவார். நான் முரண்டு பிடிப்பேன். “போதும்ணே, வலிக்குது” என்று கையை வெளியே எடுப்பேன். ஒரு நாள் அவர் எதிரே உட்கார்ந்து தன் கையையும் அரிசிக்குள் விட்டார்.

“உள்ள எங்கயோ எம் விரல் ஒண்ணு கெடக்கு. தேடிப் புடிங்க பாப்போம்.”

“நான் என்ன சின்னப் புள்ளையா?”

“சின்னப் புள்ளையா இருந்தா இந்நேரம் சொன்ன பேச்சக் கேட்டிருக்கும்.”

சமையலறையிலிருந்து என் மனைவி சிரித்த சத்தம் கேட்டது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தேடினேன். கிடைத்தது. ஆனால் பிடிக்க வரவில்லை. என் விரல்கள் அவர் விரலில் மோதும், மடங்காது, அவர் லேசாக இழுத்தாலே வழுக்கிக்கொண்டு போய்விடும். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். குறுவை நட்டு, பயிர் பச்சை பிடித்து, களை எடுக்கும் நாளும் வந்துவிட்டது. அவரும் வந்துகொண்டிருந்தார், அந்த விரலும் வழுக்கிக்கொண்டே இருந்தது. நம்பிக்கையை நான் விட்டுவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் வருகிறாரே என்பதற்காகத்தான் உட்கார்ந்தேன்.

ஒரு காலை, வெளியே தூறிக்கொண்டிருந்தது. அரிசிக்குள் வழக்கம்போல அவர் விரல் தட்டுப்பட்டது. மடக்கினேன். வலித்தது. இன்னும் கொஞ்சம் மடக்கினேன். நடுவிரல் வளைந்தது, அதைத் தொட்டுக்கொண்டு மோதிர விரலும் வளைந்தது. அவர் இழுத்தார், வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். அப்போதும் வரவில்லை.

“தம்பி” என்றார். “விட்டுராதீங்க.”

“விடலண்ணே.”

அவர் அழுதார். தோள் குலுங்க, சின்னப் பிள்ளை மாதிரி, அந்தப் பேன்ட்டோடு தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் கண்ணீர் நிற்கவில்லை. துடைத்துக்கொள்ள இன்னொரு கை இருப்பதுகூட இரண்டு பேருக்கும் நினைவுக்கு வரவில்லை. சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அண்ணனுக்கு டீ போடவா, காப்பி போடவா?” என்று கேட்டாள். அவ்வளவு நாளில் அவரை அவள் முறை வைத்துக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இப்போது பட்டறையில் தகடு வந்தால் செயின் பிளாக்தான். கட்டையை நகர்த்த நீளக் கம்பி ஒன்று செய்து வைத்திருக்கிறேன். யாராவது ஒரு கை கொடுக்க வந்தால், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று பெஞ்சில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துவிடுவேன். அண்ணனும் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அடுத்த வருஷம் அந்த அக்கா மகளின் வளைகாப்புக்குப் போகும்போது வேட்டி கட்டிக்கொண்டு போனார். பெல்ட் வாங்கிக் கொடுத்தது நான்தான்.

மழைக்காலத்தில் இன்னும் அந்த நடுவிரல் மடங்க அடம்பிடிக்கும். அப்போது ஹோல்டரைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்வேன். ஒரு மனிதர் தன் வேலையையெல்லாம் போட்டுவிட்டு, நான் பிடிக்கட்டும் என்று தினமும் தன் விரலை நீட்டிக்கொண்டு காத்திருந்தாரே என்று நினைத்தால், விரல் தானாக மடங்கிவிடுகிறது.